பின்னால் போகும் கிரகம் உண்டா?



மலை மேலே மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு பக்கத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். கீழே சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். ஒருவர் கையில் கொழுந்து பறித்த கறை. இன்னொருவர் காலில் வயல் சேறு. எல்லாருக்கும் மேலே இருப்பது ஒரே வானம். அந்த வானத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் பெரிய படிப்பாளி இல்லை. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன். எங்கள் மையத்தில் ஒரு அக்கா ஒரு கேள்வி கேட்டார். அதற்காக நூலகத்தில் தேடிப் படித்ததைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அந்த அக்கா தினசரிக் காலண்டரின் தாளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். "சனி வக்ரம்" என்று வந்தது.

"வக்ரம்னா என்ன தம்பி?" என்றார்.

"கிரகம் பின்னால் போவதைச் சொல்கிறார்கள் அக்கா" என்றேன்.

"பின்னால போகுமா? யாரு பிடிச்சுத் தள்ளுறது?" என்று கேட்டார்.

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் மகளுக்கு வந்த இரண்டு வரன்கள் செவ்வாயைக் காரணம் சொல்லித் தட்டிப் போயிருந்தன. கிரகம் எந்தப் பக்கம் போகிறது என்பது அவருக்கு வீட்டு விஷயம்.

யார் பிடித்துத் தள்ளுவது? மிகச் சரியான கேள்வி அது. அதற்குக் கொஞ்சம் நீளமான பதில் இருக்கிறது.

முதலில் நம் சூரியனின் குடும்பத்தைப் பார்ப்போம். சூரியனை எட்டுக் கிரகங்கள் சுற்றுகின்றன. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன். நம் பூமியும் ஒரு கிரகம்தான். தமிழில் கோள் என்றும் சொல்வார்கள்.

களத்தில் போரடிப்பதைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருப்பீர்கள். நடுவில் ஒரு முளை. மாடுகளை வரிசையாகப் பிணைத்துச் சுற்ற விடுவோம். எல்லா மாடும் ஒரே திசையில்தான் சுற்றும். கோள்களும் அப்படித்தான். எட்டும் ஒரே திசை. ஏறத்தாழ ஒரே களத்தில் சுற்றுகின்றன. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கன்னாபின்னாவென்று ஓடவில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. களத்தில் உள்மாடு மெதுவாக நடக்கும், வெளிமாடு விரைந்து நடக்கும். கோள்களில் இது தலைகீழ். சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதற்கு வேகம் அதிகம். புதன் 88 நாளில் ஒரு சுற்று முடித்துவிடும். பூமிக்கு 365 நாள். செவ்வாய்க்கு 687 நாள். சனிக்கு 29 ஆண்டுக்கு மேல். ஒருவர் பிறந்தபோது சனி இருந்த இடத்துக்கு அது திரும்பி வரும்போது அவருக்கு முப்பது வயது நெருங்கியிருக்கும்.

இந்த வேக வித்தியாசத்தில்தான் வக்ரத்தின் ரகசியம் இருக்கிறது.

அடிமாலியிலிருந்து மூணாறுக்கு பஸ்ஸில் வருகிறீர்கள். முன்னால் ஒரு சரக்கு லாரி மெதுவாக ஏறுகிறது. பஸ் அதை முந்துகிறது. அப்போது ஜன்னல் வழியாக லாரியையும், அதற்குப் பின்னால் தூரத்தில் தெரியும் மலையையும் சேர்த்துப் பாருங்கள். அந்த மலையை வைத்துப் பார்த்தால் லாரி பின்னால் போவது போலத் தெரியும். லாரி நிஜமாகவா பின்னால் போகிறது? இல்லை. அதுவும் முன்னால்தான் ஏறுகிறது. நாம் முந்துகிறோம். அவ்வளவுதான்.

பூமிதான் நம் பஸ். சனி லாரி. தூரத்து நட்சத்திரங்கள் மலை. பூமி ஆண்டுக்கு ஒரு முறை சனியை முந்துகிறது. அந்தச் சமயத்தில் ஏறத்தாழ நாலரை மாதம் சனி பின்னால் போவது போலத் தெரியும். செவ்வாயை நாம் முந்துவது ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒரு முறை. அப்போது இரண்டு மாதத்துக்கு மேல் செவ்வாய் பின்னால் போவது போலத் தெரியும். பஞ்சாங்கக்காரர் எழுதும் நாட்கணக்கு பொய் இல்லை. கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. ஆனால் அங்கே சனியும் செவ்வாயும் ஒரு அடி கூடப் பின்னால் வைப்பதில்லை. யாரும் அவற்றைப் பிடித்துத் தள்ளவும் இல்லை.

"ராகுவும் கேதுவும் எப்போதும் பின்னால்தானே போகும்?" என்று சிலர் கேட்பீர்கள். அவை கோள்களே இல்லை. வானத்தில் சூரியன் போவதாகத் தெரியும் பாதையும் நிலாவின் பாதையும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. அந்த இரண்டு முச்சந்திக்கு வைத்த பெயர்தான் ராகு, கேது. அந்த முச்சந்தி மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து, பதினெட்டரை ஆண்டுக்குச் சற்று மேலான காலத்தில் ஒரு சுற்று வரும். கிரகணம் எப்போது வரும் என்று கணக்குப் போட அது மிகவும் உதவும்.

செவ்வாய் எங்கே இருக்கும் என்பதை மனிதன் எவ்வளவு சரியாகக் கணக்கிடுகிறான் தெரியுமா? 2013 நவம்பர் 5-ஆம் தேதி நம் நாடு மங்கள்யான் என்ற விண்கலத்தை அனுப்பியது. அது செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்தது 2014 செப்டம்பர் 24-ஆம் தேதி. பத்து மாதத்துக்கு மேல் பயணம். இன்று செவ்வாய் நிற்கும் இடத்தைக் குறி வைத்தால் போய்ச் சேர முடியாது. போய்ச் சேரும் நாளில் அது எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள். கணக்கிட்ட நாளில், கணக்கிட்ட இடத்தில் செவ்வாய் இருந்தது. ஜாதகம் பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் விருப்பம். ஆனால் ஒரு பெண்ணுக்காகச் செவ்வாய் தன் வழியை மாற்றிக்கொள்வதில்லை. இதை அந்த அக்காவிடமும் சொன்னேன்.

சரி, நடுவில் இருக்கும் சூரியன் சும்மா இருக்கிறதா? இல்லை. அதுவும் பம்பரம் போலத் தன்னைத்தானே சுற்றுகிறது.

இது எப்படித் தெரிந்தது? சூரியன் முகத்தில் சில நேரம் கரும்புள்ளிகள் தோன்றும். அந்தப் புள்ளிகள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்து மறைகின்றன. சில புள்ளிகள் சுற்றி வந்து மறுபடியும் தெரிகின்றன. 1610-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிலியோ முதலியோர் இதைத் தொலைநோக்கியால் கண்டார்கள். சூரியனின் இடுப்புப் பகுதி ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 25 நாள் எடுக்கும். தலைப்பக்கமும் கால்பக்கமும் மெதுவாகச் சுற்றும். அங்கே ஏறத்தாழ 35 நாள். சூரியன் கல்லோ மண்ணோ இல்லை, முழுக்கக் கொதிக்கும் வாயு. அதனால்தான் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வேகம். ஒன்று சொல்லிவிடுகிறேன். சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. கண் போய்விடும்.

இந்தக் கரும்புள்ளிகளைத் தினம் தினம் படம் எடுத்து வைத்த இடம் நமக்கு வெகு தூரத்தில் இல்லை. மூணாறுக்குக் கிழக்கே, எல்லைக்கு அந்தப் பக்கம், கொடைக்கானல் மலை. அங்கே 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். 1901 முதல் சூரியனைக் கவனித்து வருகிறார்கள். நூறு ஆண்டுக்கு மேலான படங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. நம் தாத்தாவின் அப்பா காலத்துச் சூரியனின் முகம் அந்தப் படங்களில் இருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சூரியன் எந்தத் திசையில் தன்னைச் சுற்றுகிறதோ, அதே திசையில்தான் எட்டுக் கோள்களும் சூரியனைச் சுற்றுகின்றன. பழைய கரும்பு ஆலையை நினைத்துப் பாருங்கள். மறையூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடு சுற்றி வரும் திசையில்தான் நடு உருளையும் திரும்பும். அங்கே மாட்டையும் உருளையையும் இணைக்க ஒரு மரம் இருக்கிறது. சூரியனையும் கோளையும் இணைக்க ஒரு மரமும் இல்லை. பின் எப்படி எல்லாம் ஒரே திசையில்?

ஒரே வயிற்றில் பிறந்ததால்தான். ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனும் இல்லை, பூமியும் இல்லை. வாயுவும் தூசியும் கலந்த பெரிய மேகம் ஒன்று மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. தன் எடையாலேயே அது உள்ளே சுருங்கியது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றிப் பாருங்கள். கயிறு விரலில் சுருண்டு நீளம் குறையக் குறையக் கல் வேகமாகச் சுற்றும். மேகமும் சுருங்கச் சுருங்க வேகமாகச் சுழன்றது. நனைந்த குடையை விரித்துச் சுழற்றினால் தண்ணீர் சுற்றிலும் தட்டையாகத் தெறிக்கும் அல்லவா? மேகமும் அதுபோல் ஒரு தட்டாக ஆனது. தட்டின் நடுவில் சூரியன் பிறந்தது. தட்டில் மிச்சம் இருந்த தூசியும் வாயுவும் திரண்டு கோள்கள் ஆயின. மேகம் சுழன்ற திசை எதுவோ, அதுவே தாய்க்கும் பிள்ளைகளுக்கும் திசை ஆனது.

இந்த எண்ணத்தை ஜெர்மனியில் காண்ட் 1755-இலும், பிரான்சில் லாப்லாஸ் 1796-இலும் எழுதினார்கள். அது அவர்கள் யோசித்துச் சொன்னது. பிறகு கண்ணாலேயே பார்க்க முடிந்தது. 2014-இல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் உள்ள ஆல்மா தொலைநோக்கி ஒரு படம் எடுத்தது. ரிஷபக் கூட்டத்தின் திசையில் இளம் நட்சத்திரம் ஒன்று. அதைச் சுற்றித் தட்டு. தட்டில் வளையம் வளையமாகக் கோடுகள். தோசைக்கல்லில் மாவைச் சுழற்றி விட்டது போலவே இருக்கும் அந்தப் படம்.

சின்னச் சின்ன முரண்டு நம் குடும்பத்திலும் உண்டு. வெள்ளி சூரியனைச் சரியான திசையில்தான் சுற்றுகிறது. ஆனால் தன்னைத்தானே சுற்றுவது எதிர்த் திசையில். அங்கே சூரியன் மேற்கே உதிக்கும். யுரேனஸ் படுத்துக்கொண்டே உருள்கிறது. 1986-இல் வந்து போன ஹாலி வால் நட்சத்திரம் கோள்களுக்கு எதிர்த் திசையில் சூரியனைச் சுற்றுகிறது. ஆனால் அது கோள் இல்லை. வெகு தூரத்திலிருந்து வரும் சிறிய பனிக்கட்டி உருண்டை. சூரியனை எதிர்த் திசையில் சுற்றும் கோள் நம் குடும்பத்தில் ஒன்று கூட இல்லை.

அப்படியானால் மற்ற நட்சத்திரங்கள்? வானத்தில் தெரியும் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு சூரியன். அவற்றுக்கும் கோள்கள் உண்டா? வெகுகாலம் யாருக்கும் தெரியாது. 1995-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மேயர், கெலோ என்ற இருவர் முதன்முதலாக, நம் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்துக்குக் கோள் இருப்பதைக் கண்டார்கள். அதற்காக 2019-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கோள் வியாழனைப் போலப் பெரியது. ஆனால் தன் சூரியனை நாலே நாளில் சுற்றுகிறது! அடுப்போடு ஒட்டிக் கிடக்கும் பூனை மாதிரி. 2025-க்குள் இப்படி வேறு சூரியன்களின் கோள்கள் 6,000-க்கு மேல் தெரிந்துவிட்டன. அவற்றில் ஒன்றுக்கு நம் நாடு வைத்த பெயரும் உண்டு. 2019-இல் ஒரு நட்சத்திரத்துக்கு பிபா என்றும், அதன் கோளுக்கு சாந்தமாசா என்றும் பெயர் வந்தது. பிபா சௌத்ரி என்ற நம் நாட்டுப் பெண் விஞ்ஞானியின் நினைவாக வைத்த பெயர் அது.

அந்தக் கோள்கள் எந்தத் திசையில் சுற்றுகின்றன என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அந்த நட்சத்திரங்கள் வெறும் ஒளிப் புள்ளிதான். அதில் கரும்புள்ளி நகர்வதைப் பார்க்க முடியாது. கோளோ கண்ணுக்கே தெரியாது. இங்கேதான் மனிதனின் புத்தி எனக்கு மிகவும் பிடிக்கிறது. கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு வருவதைக் கேட்டிருப்பீர்கள். நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கும். நம்மைத் தாண்டிப் போனதும் சத்தத்தின் குரல் இறங்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டாலும் வருகிறதா போகிறதா என்று சொல்லிவிடலாம். ஒளிக்கும் இந்தக் குணம் உண்டு. நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி ஒரு துளி நீலப் பக்கம் சாயும். விலகிப் போகும் பொருளின் ஒளி ஒரு துளி சிவப்புப் பக்கம் சாயும். 1842-இல் டாப்ளர் என்ற ஆஸ்திரிய நாட்டுக்காரர் இதைச் சொன்னார். அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. ஒளியை வானவில் போலப் பிரித்தால் அதில் மெல்லிய கருங்கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்வதை அளக்க வேண்டும்.

நம் கொடைக்கானலிலேயே இந்த வேலை நடந்தது. 1909 ஜனவரியில் அங்கே எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் கரும்புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். கோடுகள் நகர்ந்திருந்தன. கரும்புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளியே ஓடுகிறது என்று அதை வைத்துக் கண்டுபிடித்தார். இன்றும் உலகம் முழுவதும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். அவர் மனைவி மேரியும் அந்த மலையிலேயே சூரியனை ஆராய்ந்தவர். பாடப் புத்தகத்தில் அந்த அம்மாளின் பெயரையும் சேர்த்துப் போடலாம்.

இனி கும்மிக்கு வாருங்கள். பெண்கள் வட்டமாக நின்று கும்மி அடிக்கிறார்கள். வட்டம் சுற்றுகிறது. நீங்கள் தள்ளி நின்று பார்க்கிறீர்கள். உங்கள் இடக்கைப் பக்கம் இருப்பவர்கள் உங்களை நோக்கி வருகிறார்கள். வலக்கைப் பக்கம் இருப்பவர்கள் விலகிப் போகிறார்கள். உங்களுக்கு நேரே முன்னால் இருப்பவர்கள் இடமிருந்து வலமாகப் போகிறார்கள். தன்னைத்தானே சுற்றும் நட்சத்திரமும் அப்படியே. அதன் ஒரு பாதி நம்மை நோக்கி வருகிறது. அந்தப் பாதியின் ஒளி நீலப் பக்கம். மறுபாதி விலகிப் போகிறது. அதன் ஒளி சிவப்புப் பக்கம். இரண்டும் கலந்து நமக்கு வருகின்றன.

இப்போது ஒரு பையன் விரித்த குடையோடு உங்களுக்கும் கும்மி வட்டத்துக்கும் நடுவே நடக்கிறான். குடை கொஞ்சப் பேரை மறைக்கும். அவன் கும்மி சுற்றும் திசையில் நடந்தால், முதலில் வருகிறவர்களை மறைப்பான். பிறகு போகிறவர்களை மறைப்பான். எதிர்த் திசையில் நடந்தால், முதலில் போகிறவர்களை மறைப்பான். பிறகு வருகிறவர்களை மறைப்பான். சரிதானே?

அந்தப் பையன்தான் கோள். கோள் தன் நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும்போது கொஞ்சம் ஒளியை மறைக்கும். முதலில் நீலப் பக்கம் மறைந்தால், மிச்சம் வரும் ஒளி சிவப்புப் பக்கம் சாயும். பிறகு சிவப்புப் பக்கம் மறையும். அப்போது ஒளி நீலப் பக்கம் சாயும். முதலில் சிவப்பு, பிறகு நீலம் என்று வந்தால் கோள் ஒழுங்கான திசையில் போகிறது. முதலில் நீலம், பிறகு சிவப்பு என்று வந்தால் எதிர்த் திசையில் போகிறது. கடக்கும் நேரம் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்தால் குறுக்குவாட்டில் போகிறது. புள்ளியாகத் தெரியும் ஒளியை வைத்து இவ்வளவும் படித்துவிடலாம்.

1924-இல் அமெரிக்காவில் ராசிட்டர், மெக்லாக்லின் என்ற இருவர் இதைக் காட்டினார்கள். ஒன்றை ஒன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரங்களில் அவர்கள் பார்த்தார்கள். அப்போது வேறு சூரியனின் கோள் ஒன்று கூடத் தெரியாது. எழுபது ஆண்டுக்கு மேல் கழித்து அந்த வித்தை கோள்களுக்கு உதவியது. 2000-இல் கெலோவும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒரு கோளை அளந்தார்கள். ஒழுங்கான திசை. எல்லாரும் எதிர்பார்த்தபடிதான்.

இந்த முறை சரிதானா என்று நம் சூரியனிலேயே சோதித்தும் பார்த்தார்கள். 2012 ஜூன் 6 காலை வெள்ளிக் கோள் சூரியன் முன்னால் கடந்தது நினைவிருக்கலாம். நம் ஊரில் அப்போது பகல். சிலி நாட்டில் இரவு. அங்கே நிலா வெளிச்சம். நிலா வெளிச்சம் என்பது சூரிய வெளிச்சம்தானே! அந்த நிலா ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். கோடுகள் நகர்ந்தன. வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தின் அளவுக்குத்தான். நாம் கொழுந்துக் கூடையைச் சுமந்து மெல்ல நடக்கிற வேகம். அதைக் கூட அளந்துவிட்டார்கள். வெள்ளி ஒழுங்கான திசையில் போவதாகவே அந்த ஒளி காட்டியது.

ஆனால் 2008-இல் ஒரு கோள் நன்றாகச் சாய்ந்து சுற்றுவதாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு, 2009-இல், பெரிய செய்தி வந்தது. எதிர்த் திசையில் சுற்றும் கோள்! அதன் பெயர் வாஸ்ப்-17 பி. தன் சூரியனை நாலு நாளுக்குள் சுற்றுகிறது. நம் வியாழனைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அகலம். ஆனால் எடை பாதிதான். பஞ்சு மிட்டாய் போல உப்பியது. அது இருப்பது விருச்சிகக் கூட்டத்தின் திசையில், ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு தூரத்தில். அதாவது, நாம் இன்று காணும் அதன் ஒளி, காஞ்சியில் பல்லவர்கள் ஆண்ட காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது. நிஜமாகவே வக்ரமாகப் போகும் கிரகம் அதுதான். ஆனால் அது எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. யாருடைய கல்யாணத்தையும் அது நிறுத்தியதில்லை.

2010-இல் ஐரோப்பிய விஞ்ஞானிகள் 27 கோள்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் 6 எதிர்த் திசையில் சுற்றின. எல்லாம் நட்சத்திரத்துக்கு மிக அருகே இருக்கும் பெரிய கோள்கள். அப்போதுதான் எல்லாருக்கும் அந்த அக்காவின் கேள்வி வந்தது. யார் பிடித்துத் தள்ளியது?

ஒரு பதில் இது. அந்தக் குடும்பங்களில் இரண்டு மூன்று பெரிய கோள்கள் நெருங்கிப் பிறந்திருக்கலாம். ஒன்றை ஒன்று தன் ஈர்ப்பால் இழுத்து, ஒன்று வெளியே எறியப்பட்டிருக்கும். மற்றது தறிகெட்டு உள்ளே விழுந்து, குறுக்குவாட்டில் சுற்றத் தொடங்கியிருக்கும். பிணை அறுந்த மாடு களத்துக்குள் பாய்ந்த கதை.

இன்னொரு பதில். பக்கத்தில் வேறொரு நட்சத்திரம் இருந்தால், அது லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்ல இழுத்துக் கோளின் பாதையைச் சாய்த்துவிடும். ஜப்பானில் கோசாய், சோவியத் நாட்டில் லிடோவ் இருவரும் 1962-ஐ ஒட்டி இந்தக் கணக்கைத் தனித்தனியே போட்டார்கள். இந்தச் சண்டையில் நமக்கு ஒரு பாடக் கணக்கும் இருக்கிறது. இப்படி அடுப்போரம் வந்து சேர்ந்த பெரிய கோள்களுக்குப் பக்கத்தில் சிறிய கோள்கள் பெரும்பாலும் காணப்படுவதில்லை. பெரியது குறுக்கே பாய்ந்து வந்தால் பூமி போன்ற சிறியது நசுங்கும், அல்லது இருட்டுக்குள் எறியப்படும். நம் வியாழன் சூரியனை ஒட்டி வந்து விழவில்லை. தூரத்தில் தன் பாதையிலேயே சுற்றுகிறது. இந்த மலையும், தேயிலையும், நாமும் இங்கே இருக்க அதுவும் ஒரு காரணம்.

2010-இல் இன்னொன்றும் கவனித்தார்கள். நட்சத்திரம் மிகச் சூடாக இருந்தால் அதன் அருகே சுற்றும் பெரிய கோள் கோணல்மாணலாகப் போவது அதிகம். சூடு குறைந்த நட்சத்திரமானால் ஒழுங்காகப் போவது அதிகம். ஏறத்தாழ 6,000 டிகிரிதான் எல்லை. நம் சூரியனின் மேல்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி. இதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். சூடு குறைந்த நட்சத்திரத்தின் வெளிப்பகுதி, வெல்லப்பாகு கொப்பரையில் கொதிப்பது போல மேலும் கீழும் புரள்கிறது. பக்கத்தில் இருக்கும் பெரிய கோள் அந்தப் பகுதியை இழுத்து இழுத்து, நாளடைவில் இரண்டும் ஒரே ஒழுங்குக்கு வந்துவிடும். சூடான நட்சத்திரத்தில் அந்தக் கொதிக்கும் பகுதி மெல்லியது. அதனால் கோணல் அப்படியே நின்றுவிடுகிறது.

சண்டை இல்லாத வீடுகளும் உண்டு. டிராப்பிஸ்ட்-1 என்ற சிறிய நட்சத்திரத்துக்கு ஏழு கோள்கள். ஏழும் ஏறத்தாழ நம் பூமி அளவு. 2017-இல் ஏழும் இருப்பது தெரிந்தது. 2020-இல் அவற்றின் திசையை ஜப்பானின் சுபாரு தொலைநோக்கியால் அளந்தார்கள். ஒழுங்காகவே சுற்றுகின்றன.

இவ்வளவும் படித்தபோது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. எதிர்த் திசையில் போனால் அங்கே சண்டை நடந்தது என்று வைத்துக்கொள்ளலாமா? அதுவும் சரியில்லை. 2021-இல் கே2-290 என்ற நட்சத்திரத்தைப் பற்றி எழுதினார்கள். அதற்கு இரண்டு கோள்கள். இரண்டும் நட்சத்திரத்தின் சுழற்சிக்கு எதிராகச் சுற்றுகின்றன. ஆனால் இரண்டும் ஒரே தளத்தில், ஒன்றாக, சமாதானமாகச் சுற்றுகின்றன. மாடு பிணை அறுக்கவில்லை. களமே சாய்ந்திருக்கிறது. கோள்கள் பிறப்பதற்கு முன், தட்டாக இருந்தபோதே, பக்கத்து நட்சத்திரம் அந்தத் தட்டைச் சாய்த்துவிட்டது என்று கணக்கிடுகிறார்கள்.

நம் களமும் நேர்மட்டம் இல்லை. பூமி சுற்றும் தளத்துக்கும் சூரியனின் இடுப்புக்கும் ஏறத்தாழ 7 பாகை சாய்வு இருக்கிறது. கடிகாரத்தின் பெரிய முள் ஒரு நிமிடத்தில் நகர்வது 6 பாகை. அதைவிடக் கொஞ்சம் அதிகம். சின்னச் சாய்வுதான். ஏன் அந்தச் சாய்வு? நெப்டியூனுக்கும் வெகு தூரத்தில், இன்னும் யாரும் பார்க்காத பெரிய கோள் ஒன்று இருந்து சாய்த்திருக்கலாம் என்று 2016-இல் சிலர் கணக்குக் காட்டினார்கள். அந்தக் கோளைத் தேடுகிறார்கள். 2025-இல் சிலி நாட்டில் வேரா ரூபின் என்ற புதிய தொலைநோக்கி தன் முதல் படங்களை வெளியிட்டது. அப்படி ஒரு கோள் இருந்தால் அதன் கண்ணில் படலாம்.

சனியின் வக்ரத்தைப் பார்க்க நமக்குத் தொலைநோக்கி வேண்டாம். சனி நட்சத்திரம் போலத் தெரியும், ஆனால் மினுக்காமல் மஞ்சளாக எரியும். எந்த மாதம் எந்தப் பக்கம் தெரியும் என்று மையத்தில் கேளுங்கள், எழுதித் தருகிறோம். ஒரு தாளில் அதன் பக்கத்தில் உள்ள நாலைந்து நட்சத்திரங்களைப் புள்ளியாக வையுங்கள். மாதம் இரண்டு முறை சனி நிற்கும் இடத்தைக் குறித்து, தேதி எழுதுங்கள். மழைக்காலத்தில் சில முறை தப்பும், பரவாயில்லை. ஏழெட்டு மாதத்தில் அந்தப் புள்ளிகள் கொக்கி போல வளைந்து திரும்பும். லயத்து வாசலிலிருந்து குறித்தாலும், சித்தூர்க் களத்து மேட்டிலிருந்து குறித்தாலும் கொக்கி ஒரே மாதிரிதான் வரும். தாள்களைக் கொண்டு வாருங்கள். மையத்துச் சுவரில் ஒட்டி வைப்போம்.

இனி நீங்கள் கேளுங்கள்.